அப்பச்சி வாங்கிய பெப்டைடு பொடி: ஒரு மதிப்புரை

சென்ற மார்கழி விடுமுறையில் பள்ளத்தூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பட்டாலையில் அப்பச்சியின் (எங்கள் செட்டிநாட்டு வழக்கில் அப்பாவின்) மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் பளபளக்கும் ஒரு டப்பாவைப் பார்த்தேன். அதன் முன்பக்கத்தில் இதயப் படம் ஒன்றும், அதற்குள் பட்டாணி போல, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றும் அச்சிடப்பட்டிருந்தன. “ஆக்சிஜன் குறையும்போதும் இதயச் செல்லுக்கு ஆற்றல் தரும் பெப்டைடு” என்ற வாசகம் அவற்றின்கீழ் இருந்தது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கண்ணிகளாகக் கோத்த, புரதத்தைவிடச் சிறிய சங்கிலி. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாமில் இதை விற்றிருக்கிறார்கள். 400 கிராம் டப்பா ஒன்றின் விலை 3,480 ரூபாய். அப்பச்சி இரண்டு டப்பாக்களாக வாங்கியிருந்தார். அவருக்கு வயது 74. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். “மருந்தில்லை ஆத்தா, சத்துப்பொடிதான். டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னார்கள்” என்றார். நான் வந்து சேர்வதற்குள் பதினோரு நாள் குடித்து முடித்திருந்தார்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில் ஆக்சிஜன் பற்றாக்குறையில் இதயத் தசை என்ன ஆகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தவள். ஆகவே இந்தப் பொடியை, சுவையையும் விலையையும் மட்டும் வைத்து மதிப்பிடாமல், அது சொல்லிக்கொள்ளும் வேலையை வைத்தே மதிப்பிட விரும்பினேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் டப்பாக்கள் வருகின்றன என்பதால் பெயர் பெரிதாக உதவவும் செய்யாது.

முதலில், டப்பா சொல்லும் அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்காக அது ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைக் கூட்டினால் சுமார் 6 கிலோ வரும் என்பார்கள். ஆனால் எந்த நொடியிலும் அதன் கையிருப்பு சில துடிப்புகளுக்கு மேல் தாங்காது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் வீடு போன்றது அது. அதனால்தான் இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல நாட்களில் அங்கே எரியும் விறகில் பெரும்பகுதி கொழுப்பு அமிலம்; குளுக்கோஸும் லாக்டேட்டும் மீதியை ஈடுசெய்கின்றன.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இன்னும் விறகடுப்பு உண்டு. காற்றோட்டம் நன்றாக இருக்கும்போது பருத்த கட்டை நின்று எரிந்து நிறையச் சூடு தரும். காற்று குறைந்தால் அதே கட்டை புகையைத்தான் தரும், சுள்ளியை வைத்தால்தான் அடுப்பு தாக்குப்பிடிக்கும். இதயச் செல்லிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொழுப்பு அமிலம் ஒரு மூலக்கூறுக்கு ஏராளமான ஏ.டி.பி. தந்தாலும், செலவாகும் ஆக்சிஜனைக் கொண்டு கணக்கிட்டால் குளுக்கோஸே ஏறத்தாழ பத்து சதவீதம் சிக்கனமானது. ரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டுவிட்டால் இந்தச் சிக்கனக் கணக்கும் செல்லாது. ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸைப் பாதிவழி மட்டும் உடைத்தால், ஒரு மூலக்கூறுக்கு முப்பது வரை கிடைத்துவந்த ஏ.டி.பி. இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. லாக்டிக் அமிலம் தேங்கிச் செல்லில் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ளும் முயற்சியில் சோடியம் உள்ளே வருகிறது. சோடியத்தை வெளியேற்றும் முயற்சியில் கால்சியம் வந்து நிறைகிறது. இதில் மிகக் கொடுமையானது, ஏ.டி.பி. தயாரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியாவின் நொதியே பின்னோக்கிச் சுழன்று, எஞ்சியிருக்கும் ஏ.டி.பி.யையும் உடைக்கத் தொடங்குவதுதான். சுமார் 20 நிமிடங்களைத் தாண்டினால் செல்கள் மீளாமல் சாகத் தொடங்குகின்றன.

இதை நான் கண்ணால் பார்த்தது லாங்கண்டார்ஃப் கருவியில். 1895இல் ஜெர்மானியரான ஆஸ்கர் லாங்கண்டார்ஃப் வகுத்த முறை அது: எலியின் இதயத்தை உடலிலிருந்து எடுத்து, மகாதமனியில் குழாய் செருகித் தொங்கவிட்டு, ஆக்சிஜன் ஏற்றிய உப்புக் கரைசலைச் செலுத்தினால் அது தனியே துடித்துக்கொண்டிருக்கும். கரைசலை நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் துடிப்பின் வீச்சு குன்றி, தசை வெளிறி, கோவைப்பழம் போலச் சிவந்திருந்தது பழைய சோற்றின் நிறத்துக்கு வந்துவிடும். அரை மணி கழித்துக் கரைசலைத் திறந்தால் உயிர் வந்துவிட்டது என்று மகிழத் தோன்றும்; ஆனால் முதல் சில நிமிடங்களில்தான் துடிப்பு தாறுமாறாகி, வரைபடத்தில் பேய்க்கோடுகள் விழும். ஆக்சிஜன் திரும்பி வரும் வேகமும் கால்சியச் சுமையும் சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு துளையைத் திறந்துவிடுகின்றன. அது திறந்தால் ஏ.டி.பி. தயாரிப்பு நின்று செல் வீங்கிச் சாகிறது. பெப்டைடு மருந்துகளை ஆராய்கிறவர்கள் குறிவைப்பது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களைத்தான்.

அந்த மருந்துகள் கற்பனையல்ல. டப்பாவின் விளம்பரம் பொய்யின் மேல் கட்டியதல்ல, பிறருடைய உண்மையின் மேல் கட்டியது. எலமிப்ரெடைடு என்பது நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. ஹேசல் செட்டோ, பீட்டர் ஷில்லர் என்ற இருவர் வலிநீக்கிப் பெப்டைடுகளைத் தேடும்போது எதிர்பாராமல் கண்டது அது. நேர்மின்சுமை உடையதாகையால் செல்லுக்குள் நுழைந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சவ்வு மடிப்புகள் குலையாமல் இருந்தால் எலெக்ட்ரான்களைக் கடத்தும் சங்கிலி ஒழுங்காக ஓடும், ஒழுகும் எலெக்ட்ரான்களால் உண்டாகும் சேதமும் குறையும். விலங்குகளின் இதயத்தில் இதன் விளைவு நன்றாகவே இருந்தது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்குக் குழாயைத் திறக்கும் நேரத்தில் நரம்புவழி கொடுத்துப் பார்த்த எம்பிரேஸ் சோதனையில், 2016இல் வெளிவந்த முடிவின்படி, இறந்த தசையின் அளவு குறையவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு விரைவு அனுமதி அளித்தது உண்மைதான். அது கார்டியோலிப்பின் பிறவியிலேயே பழுதாகும் பார்த் நோய்க்கு, அன்றாடம் தோலடியில் போடும் ஊசியாக. மாரடைப்புக்கு அன்று.

சைக்ளோஸ்போரின் கதை இதைவிடத் துயரமானது. பதினோரு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த, பூஞ்சையிலிருந்து கிடைத்த இந்தப் பெப்டைடு, நான் மேலே சொன்ன துளை திறக்காமல் தடுக்க வல்லது. 2008இல் 58 நோயாளிகளிடம் செய்த சிறிய சோதனையில் இறந்த தசையின் அளவு குறைந்தது கண்டு எங்கள் ஆய்வகத்திலேயே இனிப்பு வழங்காத குறைதான். 2015இல் 970 பேரை வைத்து நடந்த சர்க்கஸ் என்ற பெயருடைய பெரிய சோதனையில் அந்தப் பயன் மறைந்துபோனது. இன்சுலினும் ஒரு பெப்டைடுதான். குளுக்கோஸைச் செல்லுக்குள் இழுத்து, கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் குறைத்து, அடுப்பில் கட்டைக்குப் பதில் சுள்ளியை வைக்கும் வேலையை அது செய்யும். குளுக்கோஸ், பொட்டாசியத்தோடு அதைச் சேர்த்து ஏற்றும் யோசனை 1962இலேயே மெக்சிகோவின் சோடி பல்லாரஸிடமிருந்து வந்தது. 2005இல் 20,201 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது சாவு எண்ணிக்கையில் மாற்றமில்லை.

ஏன் எலியிடம் பலித்தது மனிதரிடம் பலிப்பதில்லை? எலி இளையது, சர்க்கரையும் கொழுப்பு மாத்திரையும் இல்லாதது, அதைவிட முக்கியமாக, குழாய் எப்போது அடைபடும் என்று அதன் ஆராய்ச்சியாளருக்கு முன்பே தெரியும். பள்ளத்தூரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மனிதருக்கு யாரும் முன்கூட்டியே ஊசி போட்டு வைப்பதில்லை. அடைபட்ட குழாய்க்கு அப்பால் மருந்து போய்ச் சேரவும் வழியில்லை. எடைக் குறைப்புக்கு இப்போது பெயர் பெற்றிருக்கும் பெப்டைடு மருந்தான செமாக்ளுடைடு 2023இல் 17,604 பேரிடம் இதய நிகழ்வுகளை 20 சதவீதம் குறைத்தது மெய்தான். ஆனால் அது எடை, அழற்சி, ரத்தக் குழாய் ஆகியவற்றின் வழியாக ஆண்டுக்கணக்கில் கிடைத்த பயன் என்றே நான் படிக்கிறேன், மூச்சுத் திணறும் செல்லுக்கு அந்த நேரத்தில் ஊட்டிய ஆற்றல் என்று அன்று.

இனி டப்பாவுக்கு வருகிறேன். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒரு கரண்டியான 13 கிராமில் மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் பெப்டைடு 8 கிராம், எல்-ஆர்ஜினின் 1.5 கிராம், எல்-கார்னிடின் அரை கிராம், கோஎன்சைம் க்யூ10 50 மில்லிகிராம், மீதி கோகோவும் இனிப்பும் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே “மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று” என்ற கட்டாய வாசகம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. முன்பக்கம் தமிழில் வாக்குறுதியும் பின்பக்கம் ஆங்கிலத்தில் அதன் மறுப்பும் என்ற இந்த ஏற்பாட்டைத் தற்செயல் என்று நினைக்க எனக்கு மனமில்லை.

கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் ஒன்றும் இருந்தது. அசைவம் என்பதற்கான குறி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைக் குன்றக்குடியில் வழியனுப்புவதற்காக அப்பச்சி விரதத்தில் இருந்தார். வெங்காயம்கூடச் சேர்க்காமல் சமைத்த ஆத்தா (என் அம்மா), தினமும் காலையில் தன் கையாலேயே மீன் தோலைப் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னபோது வீட்டில் விழுந்த மௌனத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

கொலாஜன் என்பது பெப்டைடு என்பதில் ஐயமில்லை. எலும்பும் தோலும் வேகவைத்த சாறும் அந்த அளவுக்குப் பெப்டைடுதான். கேள்வி, வாய்வழி போன பிறகு அது என்னவாகிறது என்பது. இரைப்பையின் பெப்சினும் கணையத்தின் டிரிப்சினும் இத்தகைய சங்கிலிகளைத் துண்டாக்கவே இருக்கின்றன. பெரும்பாலும் தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று கண்ணிகள் கொண்ட துணுக்குகளாகவும்தான் குடல்சுவரைக் கடக்கின்றன. அவை இதய மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போகும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நூறாண்டுகளாக இன்சுலினை ஊசியில்தான் போடுகிறோம் என்பதை அப்பச்சிக்கு எடுத்துச் சொன்னேன். வாய்வழி செமாக்ளுடைடு மாத்திரை ஒன்று வந்திருக்கிறது; உறிஞ்சலுக்குத் துணைசெய்யும் ஒரு பொருளை உடன் சேர்த்து, வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதையும் உண்ணாமல் இருந்தும் அதில் சுமார் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் சேர்வது அரிது. இந்தப் பொடியையோ சூடான பாலில், இட்லிக்கு முன்போ பின்போ, குடிக்கச் சொல்கிறார்கள். நான் முன்பு சொன்ன சைக்ளோஸ்போரின் வளையமாக இருப்பதால் வாய்வழியும் வேலை செய்யும் விதிவிலக்கு; கொலாஜன் துணுக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மற்ற மூன்று பொருள்களில், மைட்டோகாண்ட்ரியாவின் எலெக்ட்ரான் சங்கிலியில் வேலை செய்யும் கோஎன்சைம் க்யூ10 மட்டும் ஓரளவு மரியாதைக்குரியது. 2014இல் வெளிவந்த க்யூ-சிம்பியோ சோதனையில் 420 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அது நன்மை செய்தது. ஆனால் அங்கே தினமும் 300 மில்லிகிராம், இங்கே அதில் ஆறில் ஒரு பங்கு, அப்பச்சிக்கு இதயச் செயலிழப்பும் இல்லை. கார்னிடின் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தூக்கிச் செல்லும் பொருள். அப்பச்சி இரண்டு வேளையும் விழுங்கும் டிரைமெடாசிடின் 35 மில்லிகிராம் மாத்திரையோ கொழுப்பு அமிலம் எரிவதைச் சற்றுத் தடுத்து, ஆக்சிஜன் சிக்கனமான குளுக்கோஸின் பக்கம் செல்லைத் திருப்புவதற்காகத் தரப்படுவது. ஏட்டளவில் ஒரே வண்டியில் இரு மாடுகளை எதிரெதிராகப் பூட்டியது போல இருக்கிறது. கார்னிடினுக்கு வேறு வேலைகளும் உண்டென்பதால் இதை நான் பெரிதாக வற்புறுத்தவில்லை; அந்த டிரைமெடாசிடினே 2020இல் 6,007 பேரிடம் ஸ்டென்டுக்குப் பிந்தைய நோயாளிகளுக்குக் கூடுதல் நன்மை காட்டாமல் போனது என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

என் கை நின்ற இடம் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், மாரடைப்பு வந்து தேறிய 153 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 9 கிராம் ஆர்ஜினின் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பாதியில் ஆறு பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுக்க வேண்டாம் என்றே அதை நடத்தியவர்கள் எழுதினார்கள். டப்பாவில் இருப்பது அதில் ஆறில் ஒரு பங்குதான், அந்தச் சோதனையும் சிறியதுதான். ஆனாலும் மாரடைப்பு வந்தவர்களையே குறிவைத்து விற்கும் பொருளில் இதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சேர்ப்பவர்களை நான் எதை வைத்து நம்புவது? அன்றே நிறுத்தச் சொன்னேன். மதுரை மருத்துவரிடம் தொலைபேசியில் பட்டியலைப் படித்துக் காட்டியபோது அவரும் அதையே சொன்னார், என்னைவிடச் சுருக்கமாக.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றியும் எழுத வேண்டும். டப்பாவில் இருந்த எண்ணுக்கு அழைத்தபோது மரியாதையாகவே பேசினார்கள். ஆதாரம் கேட்டேன், பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்தது. நான் அறிந்த எலமிப்ரெடைடைப் பற்றிய கட்டுரை அது, ஊசிவழி, விலங்குகளிடம். “உங்கள் டப்பாவில் இந்தப் பெப்டைடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். “எல்லாம் பெப்டைடுதானே மேடம்” என்றார் அந்தப் பெண். அப்படிப் பார்த்தால் நாகப்பாம்பின் நஞ்சும் பெருமளவு பெப்டைடும் புரதமும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மாதச் சம்பளத்துக்குப் பேசுகிறவர் என்பது நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

சுவை குறித்து ஒரு சொல்: திறந்த டப்பாவின் மீதியை நான் இரண்டு நாள் குடித்துப் பார்த்தேன். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் கட்டி விழுகிறது. வெதுவெதுப்பில் கரைகிறது, ஆனால் மேலே ஒட்டும் நுரை நிற்கிறது. முதல் வாய்க்குக் கோகோ, கடைசி வாய்க்கு வற்றிய குளத்தின் மணம். புரதம் என்ற கணக்கில் பார்த்தாலும் ஒரு கரண்டிக்கு நூற்றுப் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது. கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லவே இல்லை என்பதால் அது முழுப்புரதமும் ஆகாது. ஆத்தா வைக்கும் பாசிப்பருப்பு மசியலை அதற்கு ஈடாகச் சொல்வது பருப்புக்கு அவமானம்.

குடித்த பதினோரு நாளில் தெம்பு கூடியதாக அப்பச்சி உறுதியாகச் சொல்கிறார். முகாமில் விற்றவர் பொடியோடு காலையில் அரை மணி நேரம் நடக்கவும் சொல்லியிருக்கிறார். அன்றுமுதல் அப்பச்சி ஊருணியைச் சுற்றி மூன்று சுற்று நடக்கிறார். மொத்த வியாபாரத்தில் எனக்குப் பிடித்த ஒரே அறிவுரை அதுதான், அதற்கு விலையும் இல்லை. பொடியை நிறுத்திய பிறகும் நடை தொடர்கிறது. தெம்பும் குறைந்ததாக அவர் சொல்லவில்லை.

3,480 ரூபாய்க்கு இதய ஆற்றல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. செல்கள் சாகத் தொடங்குவதோ இருபதாவது நிமிடத்தில். தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் வேளை மருந்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டும் குழாயில் ரத்தக்கட்டி வளர்வதைத் தடுப்பவை, மூன்றாவது கொழுப்பைக் குறைப்பது; அந்த மாத்திரைகள் எதுவும் பெப்டைடு அல்ல. அருகிலுள்ள நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு 108க்கும் அழைக்கத் தெரிந்திருப்பது, டப்பாவைவிட எனக்கு நம்பகமாகப் படுகிறது.

பிரிக்காத இரண்டாவது டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முயன்றேன். பணமாகத் தர இயலாது, அதே மதிப்புக்கு அவர்களுடைய மூட்டுவலிப் பெப்டைடை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்தில் ஒரு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் இறுக்கமாக மூடும் அந்த மூடிக்காக. மாதந்தோறும் முதல் வாரத்தில் அந்த எண்ணிலிருந்து இன்னும் அழைப்பு வருகிறது. டப்பா தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்களாம். “இன்னும் அப்படியே இருக்கிறது” என்று அப்பச்சி ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லி வைக்கிறார்.